சாம்பியனின் மண்ணீரல்

2024 ஜூனில் ஊட்டி பந்தய மைதானத்துக்கும் செப்டம்பரில் கிண்டி மைதானத்துக்கும் குத்தகைத் தகராறில் அரசு பூட்டுப் போட்டதிலிருந்து எல்லோருக்கும் குதிரைச் சந்தேகம். கொடைக்கானல் போய்வந்த வாசகர் ஒருவரும் கேட்கிறார்: “ஏரியைச் சுற்றிச் சவாரி விட்டவர், ‘இது ரேஸ்ல ஓடின குதிரை சார், மலைக்காத்துல இன்னும் பிச்சுக்கிட்டு ஓடும்’ என்றார். நிஜமா?” முதல் பாதிக்கு நான் சாட்சி இல்லை. இரண்டாம் பாதி தப்பு. அது ஏன் தப்பு என்பதில்தான் சுவாரஸ்யமே.

சாம்பியன் குதிரை என்றதும் ‘பெரிய இதயம்’ கதையை அவிழ்த்துவிடுவார்கள். அமெரிக்காவின் செக்ரடேரியட் 1973-இல் பெல்மான்ட் பந்தயத்தை 31 குதிரை நீள வித்தியாசத்தில் ஜெயித்தது. 1989-இல் அது இறந்தபோது இதயம் 10 கிலோ இருந்ததாகச் சொல்வார்கள். யாரும் தராசில் வைக்கவில்லை. பரிசோதித்த மருத்துவரின் கண்மதிப்பு அது. ஆஸ்திரேலியாவின் ஃபார் லாப் குதிரையின் இதயம் கான்பெரா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது எடை போட்டது: 6.2 கிலோ. பெரிய இதயம் உதவும்தான். ஆனால் இதயம் எந்த ரத்தத்தை இறைக்கிறது என்பதைத் தீர்மானிப்பது மண்ணீரல்.

நம் மண்ணீரல் கைக்குள் அடங்கும். குதிரையின் மண்ணீரலோ, குதிரை சும்மா நிற்கும் நேரத்தில் சிவப்பணுக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தன்னிடம் நிறுத்தி வைத்திருக்கும். அட்ரினலின் பாய்ந்ததும் உறுப்பு முழுவதும் சுருங்கி, அத்தனையையும் ரத்தத்தில் பீய்ச்சும். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 35-40 சதவீதத்திலிருந்து 60-க்கு மேல் தாவும். தொழில்முறை சைக்கிள் வீரர்கள் செயற்கையாகச் சிவப்பணுவைக் கூட்டுவதைத் தடுக்க, 1997-இல் இதற்கு 50 சதவீதம் என்று வரம்பு வைத்தார்கள். மீறினால் போட்டியில் இடமில்லை என்றார்கள். குதிரை அந்தத் தில்லுமுல்லை இயற்கையாகவே செய்கிறது. மருத்துவர் ஊசியோடு வருவதைப் பார்த்து மிரண்டால்கூடப் போதும், மண்ணீரல் சுருங்கிவிடும். சோகை பிடித்த குதிரையும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் திடகாத்திரமாகத் தெரியும்!

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். தசைகள் இலை போட்டு உட்கார்ந்திருக்கின்றன. சிவப்பணுக்கள் வாளி தூக்குபவர்கள். நுரையீரல் சமையல்கட்டு. மண்ணீரல், சித்தப்பா, மாமா பிள்ளைகளெல்லாம் சீட்டாடிக்கொண்டிருக்கும் கொல்லைத் திண்ணை. பெண்ணைப் பெற்றவர் ஒரு சத்தம் போட்டால் எல்லோரும் சட்டையைக் கழற்றிவிட்டுப் பந்திக்கு ஓடிவருகிறார்கள். பரிமாறுவது சூடுபிடிக்கிறது. ஆனால் நடை குறுகல். கூட்டம் மிஞ்சினால் ஒருவர்மேல் ஒருவர் சாம்பார் கொட்டுவார்கள். ரத்தம் கெட்டியாகிறது என்பது இதுதான். இன்னொரு சங்கடம், சமையல்கட்டு வாசலில். நின்று வாளியை நிரப்ப நேரமில்லை. பின்னால் வருபவர் தள்ளுகிறார், அரை வாளியோடு ஓடுகிறார்கள். உச்ச வேகத்தில் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 220 தடவைக்கு மேல் துடிக்கும்போது, நுரையீரலின் நுண்குழாயில் ஒரு சிவப்பணு அரை நொடிகூடத் தங்குவதில்லை. அதனால் சமவெளியிலேயே, நல்ல ஆரோக்கியமான ரேஸ் குதிரையின் தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்துவிடுகிறது. பாய்ச்சலில் ஓர் எட்டுக்கு ஒரு மூச்சுதான், அதுவும் மூக்கால் மட்டும். அவசரத்துக்கு வாயைத் திறந்து மூச்சு வாங்கும் வசதி குதிரைக்குக் கிடையாது.

வரலாறும் வேண்டும் என்பார்கள், ஒரு பத்தி. இறக்குமதிப் பொலிகுதிரைகளை உள்ளூர்ப் பெட்டைகளோடு சேர்த்து இங்கிலாந்து 300 ஆண்டுகளாக வேகத்துக்காகவே வளர்த்த இனம்தான் இந்த ரேஸ் குதிரை. நம் நாட்டில் 1977 இந்தியன் டெர்பியை வென்ற ஸ்குவாண்டரர், 19 பந்தயங்களில் 18-இல் முதலிடம். பயிற்சியாளர் ரஷீத் பைராம்ஜி. இந்தச் சாம்பியன்களின் பந்தய வாழ்க்கையெல்லாம் சில வருடங்களே. பிறகு பண்ணையில் இனப்பெருக்கத்துக்கு விடுவார்கள். போதும்.

இப்போது மலைக்கு வருவோம். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் கிண்டியைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகமாகக் குறைவு. அதாவது சமையல்கட்டிலேயே சரக்கு இல்லை. காற்று லேசானால் எதிர்ப்பும் குறையுமே என்று கேட்கலாம். குறுகிய ஓட்டத்தில் கொஞ்சம் கைகொடுக்கும். 2,400 மீட்டர் டெர்பியில் அந்த லாபத்தை மூச்சிரைப்பு விழுங்கிவிடும். சரி, மலையில் பழக்கிக் கீழே இறக்கினால்? மனித ஓட்டக்காரர்கள் அப்படிச் செய்வது சிவப்பணுவைக் கூட்டத்தான். குதிரைக்கு அதில் பஞ்சமே இல்லை, கொல்லையில் ஆள் நிறைய இருக்கிறது. பயிற்சியால் இதயம் பெருக்கும், தசை முறுக்கேறும். நுரையீரல் மட்டும் ஏறக்குறைய இருந்தபடியே நிற்கும். ஆகவே ‘ரத்தம் ஊறும்’ என்று குதிரை டானிக் விற்பவரிடம் ஒன்றுதான் கேட்க வேண்டும்: ஊறுகிற ரத்தத்துக்கு ஆக்சிஜன் எங்கிருந்து வரும்?