பாவையும் கையும்

மனிதனது உள்ளக்கருத்தை முகத்துக்கு அடுத்தபடியாக வெளிப்படுத்தும் உறுப்புக் கையேயாகும். கூப்பிய கை வணக்கத்தையும், விரித்த கை ஈகையையும், இறுக மூடிய கை வெகுளியையும், நீட்டிய சுட்டுவிரல் ஏவலையும் சொல்லின் துணையின்றியே உணர்த்துகின்றன. சிற்பியும் நடனக்கலைஞனும் கைக்கு அளிக்கும் ஏற்றம் யாவரும் அறிந்ததே. இவ்வுண்மை விளையாட்டுப் பாவைகளுக்கும் பொருந்தும். கடையில் வாங்கிய பாவையின் கை, கால், தலை முதலிய உறுப்புக்களைக் கழற்றி வேறு உறுப்புக்களைப் பொருத்தி, அதனைத் தம் கருத்துக்கு இசைந்த புதியதொரு பாவையாக ஆக்கும் வழக்கம் அமெரிக்கா, பிரித்தானியா, யப்பான் முதலிய நாடுகளில் ஒரு தனிக் கைப்பணியாகவே வளர்ந்துள்ளது. சிறுவர்க்குரிய வீண்பொழுதுபோக்கென்று இதனைப் புறக்கணித்தல் எளிது. ஆயினும் உடலியலும் பௌதிகமும் இரசாயனமும் இதிற் கலந்துள்ளன. உறுப்புக்கும் முழுமைக்கும் உள்ள தொடர்பு யாது என்னும் பழைய தத்துவ வினாவும் இதனுள் அடங்கிக் கிடக்கின்றது.

அசைவுப் பாவையின் தோற்றம்

1959 ஆம் ஆண்டில் மாற்றெல் என்னும் அமெரிக்க நிறுவனம் பார்பி என்னும் பெண்பாவையை வெளியிட்டது. பாவையை ஒருமுறை வாங்கியபின் அதற்குரிய ஆடையணிகளைத் தனித்தனியே வாங்கிச் சேர்க்கும் முறை பெருவெற்றி கண்டது. 1964 ஆம் ஆண்டில் ஹாஸ்புரோ என்னும் நிறுவனம் அம்முறையையே ஆண்பிள்ளைகளுக்கு ஏற்ப அமைத்து, ஜீ. ஐ. ஜோ என்னும் போர்வீரன் உருவை விற்பனைக்குக் கொணர்ந்தது. ஆண்பிள்ளைகள் பாவை வைத்து விளையாடுதலைப் பெற்றோர் விரும்பார் என்னும் அச்சத்தினால், பாவை என்னும் சொல்லையே அந்நிறுவனம் விலக்கி, 'அக்சன் பிகர்' என்னும் புதுப்பெயரை வழங்கிற்று. தமிழில் அதனை அசைவுப் பாவை எனலாம்.

ஏறத்தாழ 12 அங்குல உயரமுடைய அவ்வுருவம் 21 அசையும் பகுதிகளைக் கொண்டிருந்தது. அமரவும் மண்டியிடவும் துப்பாக்கியை ஏந்தவும் அதனால் இயன்றது. ஆனால், கையின் விரல்கள் ஒரேயளவாக வளைந்தவாறு வார்க்கப்பட்டிருந்தமையால், எப்பொருளையும் அவை இறுகப் பற்றவில்லை. உடல் முழுவதும் அசைந்தும் கை மட்டும் உயிரற்றிருந்தது. இக்குறையை நீக்க முயன்றது பிரித்தானியாவின் பாலிற்றோய் நிறுவனமாகும். அமெரிக்கப் பாவையை உரிமம் பெற்று 1966 முதல் 'அக்சன் மான்' என்னும் பெயரில் விற்றுவந்த அந்நிறுவனம், 1973 இல், மென்மையான பொருளால் ஆகிய பற்றும் கைகளை அதற்கு அளித்தது. அடுத்த ஆண்டில் அமெரிக்கப் பாவையும் அத்தகைய கைகளைப் பெற்று, 'குங்பூப் பிடி' என்று விளம்பரம் செய்யப்பட்டது.

மென்மையினாற் கிடைத்த நன்மை நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஆண்டுகள் செல்லச்செல்ல அவ்விரல்கள் உலர்ந்து வெடித்து ஒவ்வொன்றாக உதிர்ந்தன. உடல் பழுதின்றி இருக்க, கை மட்டும் அழிந்த பாவைகள் பெருகின. அவற்றைப் பேணியோர் வேறு கைகளைத் தேடிப் பொருத்தலாயினர். உறுப்பு மாற்றுதல் பல இடங்களிற் பழுது பார்த்தலாகவே தொடங்கிற்று என்பது இதனாற் புலப்படும்.

பழுது பார்த்தலினின்று புதிது படைத்தலுக்குச் செல்லும் வழியை 1982 இல் வெளிவந்த சிறிய ஜீ. ஐ. ஜோ பாவைகள் எளிதாக்கின. ஏறத்தாழ 3¾ அங்குல உயரமுடைய அவற்றின் மார்பும் முதுகும் இரண்டு ஓடுகளாக வார்க்கப்பட்டு, முதுகிலுள்ள ஒரே திருகாணியாற் பிணைக்கப்பட்டிருந்தன. உள்ளேயிருந்த சிறு றப்பர் வளையமொன்று இடுப்பையும் கால்களையும் உடலோடு இழுத்து நிறுத்திற்று. திருகாணியைக் கழற்றியதும் கைகளும் கால்களும் வேறாயின. ஒரு வீரனின் கைகளை மற்றொருவனுக்கு மாற்றச் சிறியதொரு திருகாணி முடுக்கியே போதுமானதாயிற்று. நிறுவனம் உற்பத்தியின் வசதிக்காக அமைத்த திருகாணி, சிறுவனுக்குப் படைப்புத்தொழிலின் வாயிலாக அமைந்தது.

ஒரு பாவைக்குப் பல கைகள்

இக்காலப் பாவைகளிற் பல, பெட்டியிலேயே மாற்றுக் கைகளுடன் வருகின்றன. யப்பானின் கையோடோ நிறுவனம் 2006 இல் 'ரிவோல்ரெக்' வரிசையையும், 2008 இல் மக்ஸ் பக்டரி நிறுவனம் 'பிக்மா' வரிசையையும், அதே ஆண்டில் பண்டாய் நிறுவனம் 'எஸ். எச். பிகுவார்ட்ஸ்' வரிசையையும் தொடங்கின. மூடிய கை, விரித்த கை, வாள் பற்றும் கை, சுட்டும் கை எனப் பல கைகள் இத்தகைய பாவைகளுடன் அளிக்கப்படுகின்றன. ஹொங்கொங்கின் ஹொட் ரோய்ஸ் நிறுவனம் செய்யும் பெரிய உருவங்களும் அவ்வாறே. அசையும் விரல்களையுடைய ஒரு சோடிக் கை போதாதோ என்னும் ஐயம் இங்கு எழலாம்.

இதற்கு விடை கணிதத்தில் உள்ளது. மனித உடலிலுள்ள 206 எலும்புகளில் இரு கைகளின் மணிக்கட்டும் அதற்கு அப்பாற்பட்ட பகுதியுமே 54 எலும்புகளைக் கொண்டுள்ளன. அஃதாவது நாலிலொன்றுக்கு மேற்பட்டவை. இத்துணை நுட்பமான உறுப்பைச் சிறிதாக்குதல் அரிது. வளர்ந்த ஒருவரின் சுட்டுவிரல் 18 மில்லிமீற்றர் அகலமுடையதெனக் கொள்வோமாயின், ஆறிலொரு பங்கு அளவுள்ள பாவையில் அஃது 3 மில்லிமீற்றராகும். பன்னிரண்டிலொரு பங்கில் 1½ மில்லிமீற்றராகும். பதினெட்டிலொரு பங்கில் 1 மில்லிமீற்றரே எஞ்சும். ஒன்றரை மில்லிமீற்றர் விரலுக்குள் மூன்று மூட்டுக்களை அமைத்தால், அவை ஒரு வாளின் பாரத்தையும் தாங்கா. ஆகவே அசையும் ஒரு கைக்குப் பதிலாக அசையாத பல கைகளை அளித்து, மணிக்கட்டில் மட்டும் மூட்டை அமைத்தல் சிறந்த வழியாயிற்று.

இம்முறை யப்பானியருக்குப் புதியதன்று. ஒசாக்கா நகரிற் செழித்த புன்ராக்கு என்னும் பாவைக்கூத்தில், பாவையின் தலையும் கைகளும் தனித்தனியே செய்யப்பட்டுச் சேமிக்கப்படுகின்றன. நாடகத்துக்கு ஏற்பத் தலையைத் தெரிந்தெடுத்து, பொய்ம்முடி சூட்டி, வண்ணம் புதுக்கி, உரிய கைகளைச் சேர்த்து, ஆடை உடுத்தியபின்னரே பாத்திரம் பிறக்கின்றது. தலைமைக் கலைஞர் தலையையும் வலக்கையையும், இரண்டாமவர் இடக்கையையும், மூன்றாமவர் கால்களையும் இயக்குவர். நாடகம் முடிந்ததும் பாத்திரம் மீண்டும் உறுப்புக்களாகப் பிரிகின்றது. அதே தலை பிறிதொரு நாளில் வேறொருவனாகத் தோன்றும்.

மாற்றும் முறை

உறுப்பு மாற்றுவோர் முதலில் நோக்கவேண்டியது அளவு. ஆறிலொரு பங்குப் பாவைக்குப் பன்னிரண்டிலொரு பங்குக் கை பொருந்தாது. அடுத்து நோக்கவேண்டியது மூட்டு. மணிக்கட்டில் உள்ள முளையின் விட்டமும், அது புகும் குழியின் விட்டமும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். 1974 இல் யப்பானின் ரக்காரா நிறுவனம் வெளியிட்ட மைக்கிரோமான் பாவைகளும் அவற்றின் துணைக்கருவிகளும் 5 மில்லிமீற்றர் முளையையும் குழியையும் பொதுவளவாகக் கொண்டமையாலேயே ஒன்றன் உறுப்பு மற்றொன்றுக்கு எளிதிற் பொருந்திற்று. பொதுவளவு இருக்குமிடத்து மாற்றம் எளிது. இல்லாவிடத்துத் துளைத்தலும் அராவுதலும் வேண்டும். மூன்றாவதாக நோக்கவேண்டியது தோலின் நிறம். முகத்தின் நிறத்தோடு ஒவ்வாத கை, பிறருடைய கை என்று உடனே தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

கழற்றும்போது வெப்பம் துணைசெய்கின்றது. கைகள் பெரும்பாலும் பீ. வீ. சீ. என்னும் பிளாஸ்டிக்கினால் ஆனவை. இளக்கி சேராத பீ. வீ. சீ. 80 பாகை செல்சியஸ் அளவில் விறைப்பு நீங்கும். இளக்கி சேர்ந்த மென்வகை அதனினும் குறைந்த வெப்பத்திலேயே நெகிழும். உடலின் வன்பகுதிகளுக்குப் பயன்படும் ஏ. பீ. எஸ். என்னும் பிளாஸ்டிக்கோ ஏறத்தாழ 105 பாகை வரை தன் விறைப்பை இழவாது. ஆகவே கையைச் சுடுநீரிற் சிறிதுநேரம் அமிழ்த்தினால், கை நெகிழ்ந்தும் முளை உறுதியாகவும் நிற்கும். அந்நிலையிற் கையைத் திருகாது நேரே இழுத்தல் வேண்டும். திருகினால் முளை முறியும். துணியாடையோ இரும்புத் திருகாணியோ உள்ள பாவைக்கு நீர் தீங்கு செய்யுமாதலால், கூந்தல் உலர்த்தியின் வெங்காற்றைப் பயன்படுத்துவர். குளிர்ந்த நிலையில் வலிந்து இழுத்தலே பெரும்பாலான முறிவுகளுக்குக் காரணமாகும்.

முறிந்த முளையைப் பசையால் மட்டும் ஒட்டினால் நிலையாது. இரு பக்கங்களிலும் நுண்துளையிட்டு, மெல்லிய பித்தளைக் கம்பியைச் செருகிப் பிணைத்தலே தக்கது. தளர்ந்த மூட்டின் முளையில் நிறமற்ற பூச்சை மெல்லெனப் பூசி நன்கு உலரவிட்டால், அதன் பருமன் சிறிது கூடி உராய்வு மிகும். இவ்வுராய்வின் தேவையைப் பௌதிகம் பயிலும் மாணவர் எளிதில் உணர்வர். பாவை நீட்டிப் பிடித்த வாளின் நிறை, அதன் புவியீர்ப்பு மையம் மணிக்கட்டினின்று நிற்கும் தூரத்தாற் பெருக்கப்பட்டு, மூட்டின்மேல் ஒரு திருப்பமாகத் தொழிற்படுகின்றது. மூட்டின் உராய்வு அதனை எதிர்க்கும் அளவும் கை நிமிர்ந்து நிற்கும்; எதிர்க்க இயலாதபோது தாழும். எனவே வாளை நீட்டுவோர் மூட்டையும் இறுக்கவேண்டும்.

விரும்பிய கை கிடையாதவிடத்து, இரு கூறுகளைக் கலந்து பிசையும் எப்பொக்சிக் களியினால் விரல்களைப் புதிதாக வனைவோரும் உளர். இக்காலத்தில் முப்பரிமாண அச்சியந்திரத்தால் பிசின் கைகளையும் உருவாக்குகின்றனர். அவை நுட்பமானவையாயினும், பல வகைப் பிசின்கள் எளிதில் முறியும் இயல்பின. மென்கையைப்போல் வளைத்து ஆயுதத்தைச் செருக அவை இடந்தரா. புதிய உறுப்பை நுண்ணிய அரத்தாளினால் தேய்த்து, அடிப்பூச்சிட்டு, நிறத்தைப் பல மெல்லிய படைகளாகப் பூசுவர். தேய்க்கும்போது எழும் தூசி மூச்சிற் புகாதவாறு முகமூடி அணிதல் இன்றியமையாதது.

கை கொடுத்த பாவை

இனி, இக்கைப்பணியிற் பலரும் எண்ணாது விடும் ஒன்று உண்டு. ஒரு பாவைக்குக் கை கிடைக்குமிடத்து, பல வேளைகளில் மற்றொரு பாவை கையை இழக்கின்றது. அவ்வாறு உறுப்புக்களை ஈந்த பாவை பெட்டியின் மூலையில் முண்டமாய்க் கிடக்க, ஏற்ற பாவை பெருமையோடு நிற்கின்றது. கைமாற்றாகப் பெற்றது திருப்பிக் கொடுக்கப்படுமென்பர். இக்கைமாற்றோ பெரும்பாலும் திரும்புவதில்லை.

கிரேக்க வரலாற்றாசிரியர் புளூராக்கு, தெசியசு என்னும் வீரனின் மரக்கலத்தை ஏதென்சு நகரத்தார் பேணிய செய்தியைக் கூறியுள்ளார். உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக நீக்கிப் புதிய பலகைகளை இட்டமையால், அஃது அதே கலந்தானோ என்னும் வாதம் தத்துவ அறிஞரிடையே எழுந்தது. 1655 இல் ஆங்கில அறிஞர் தோமசு ஹொப்ஸ் இவ்வினாவை மேலும் கூர்மையாக்கினார்: நீக்கிய பழம்பலகைகளை ஒருவன் சேர்த்து வைத்து, முன்னிருந்த ஒழுங்கிலேயே மீண்டும் கலமாக்கினால், இரண்டில் எது தெசியசின் கலம்? இந்தியத் தத்துவத்திலும் இவ்வாராய்ச்சி ஆழ்ந்து நிகழ்ந்துள்ளது. உறுப்புக்களின் வேறாக உறுப்பி என்றொரு பொருள் உண்டென நியாய வைசேடிகர் நிறுவினர். உறுப்புக்களின் கூட்டத்துக்கு இட்ட பெயரே முழுமை என்பது பௌத்தர் கொள்கை. மிலிந்த பஞ்ஞ என்னும் பாளி நூலில், நாகசேனர் தேரை உவமையாகக் காட்டி இதனை விளக்குகின்றார்.

பாவையைப் பொறுத்தவரை இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. பழைய பாவைகள் இன்று பெருவிலைக்கு விற்கப்படுகின்றன. பிறந்தபோது உடனிருந்த கைகளையுடைய பாவைக்கும், பின்னர் கை மாற்றப்பட்ட பாவைக்கும் விலை வேறுபடும். விற்பவன் மாற்றத்தை மறைத்தால் அது வஞ்சனை. வெளிப்படையாக உரைத்தால் அது நேர்மையான கைப்பணி. மாற்றுதலில் குற்றமில்லை, மாற்றியதை மாற்றாததெனக் காட்டுவதிலேயே குற்றம் உண்டு. கழற்றிய மூலக்கைகளை எறியாது, எப்பாவைக்குரியவை என எழுதி வைத்தல் நல்லோர் வழக்கம். இதனால் மாற்றம் மீட்கத்தக்கதாகின்றது. பின்வருவோர் விரும்பின் பாவையை அதன் முதல்நிலைக்குக் கொணரலாம்.

முடிவாக நோக்குமிடத்து, ஆலை வார்த்து அனுப்பும் ஆயிரக்கணக்கான பாவைகள் ஒரே முகமும் ஒரே கையும் உடையன. மூடிய கையைக் கழற்றி விரித்த கையைப் பொருத்தியவுடன், தாக்க நின்றவன் தடுக்க நிற்பவனாகின்றான். சினந்தவன் அடைக்கலம் அளிப்பவனாகின்றான். முகமும் உடையும் மாறவில்லை. மாறியது ஓரங்குலமும் இல்லாத ஒரு கையே. அச்சிறு மாற்றத்தைச் செய்வதற்கு அளவறிவும் பொருளறிவும் பொறுமையும் வேண்டும். அவற்றைப் பெற்ற இளைஞன், வாங்குவோன் என்னும் நிலையினின்று செய்வோன் என்னும் நிலைக்கு உயர்கின்றான். முறிந்ததை எறியுமுன் செப்பனிட முயல்கின்றான். விளையாட்டுப் பொருளொன்று கற்பிக்கக்கூடிய பாடங்களுள் இது சிறியதன்று.