நாயின் நெஞ்சில் ஒரு கட்டி

காலையில் வாசலில் குரைத்துக்கொண்டிருந்த நாய், மாலையில் திடீரென்று துவண்டு விழுகிறது. சிறிது நேரத்தில் எழுந்து வாலையும் ஆட்டுகிறது. "வெயிலின் கொடுமை!" என்று வீட்டார் மனத்தைத் தேற்றிக்கொள்கிறார்கள். அதன் இருதயத்தில் ஒரு கட்டி இருக்கக் கூடும் என்று யாருக்குத் தோன்றும்?

நாய்களின் இருதயக் கட்டிகளில் அதிகமாகக் காணப்படுவது 'ஹீமாஞ்சியோசர்கோமா' என்னும் பொல்லாத புற்று. பெரும்பாலும் வலது மேலறையில் தோன்றும். அல்சேஷியன், கோல்டன் ரிட்ரீவர் ஜாதிகளை அதிகம் பீடிக்கும். அதிலிருந்து கசியும் இரத்தம் இருதயத்தின் மேலுறைக்குள் தேங்கி, இருதயத்தை விரியவொட்டாமல் நெருக்குகிறது. நாய் விழுவது அதனால்தான்.

மிருக வைத்தியர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் நெஞ்சொலி கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் மங்கிக் கேட்கும். ஈறு வெளுத்திருக்கும், கழுத்து நரம்பு புடைத்திருக்கும். எக்ஸ்ரே படத்தில் இருதயம் பந்து போல் உருண்டு தோன்றும். மின்வரைபடத்தில் அலைகள் உயர்ந்தும் தாழ்ந்தும் மாறி மாறி வருவதுண்டு. (மின் பரிசோதனைக்கும் நாய்க்கும் பழைய உறவு. 1909-ம் வருஷம் லண்டன் ராயல் சொஸைட்டியில் அகஸ்டஸ் வாலர் என்பவர், தம் புல்டாக் ஜிம்மியின் கால்களை உப்பு நீரில் வைத்து அதன் இருதயத்தின் மின்னோட்டத்தைக் காட்டினார். ஜீவஹிம்சை என்று பார்லிமெண்டில் கேள்வி கிளம்பிவிட்டது! ஜிம்மிக்கோ கால் நனைந்ததுதான் மிச்சம்.)

இவையெல்லாம் திரவம் தேங்கியிருப்பதை உணர்த்துமேயன்றி, காரணத்தைச் சொல்லா. அதற்கு 'எக்கோ' என்னும் ஒலியலைப் பரிசோதனை வேண்டும். இங்கேதான் விந்தை. உயிரை நெருக்கும் அத்திரவமே கட்டியைக் காட்டிக்கொடுக்கிறது! படத்தில் திரவம் கறுப்பாகத் தெரிய, அதன் நடுவே கட்டி துலங்குகிறது. ஆகையால் நாய் தாங்குமானால், ஊசியால் திரவத்தை இறக்குமுன்பே படம் பார்த்துவிடுவது நலம். மூச்சுத் திணறும் நாய்க்கு ஊசிதான் முதலில். இறக்கிய திரவத்தை மைக்ராஸ்கோப்பில் ஆராய்ந்தாலும், புற்றணு அகப்படுவது அபூர்வமே.

இத்தனை சிரமம் எதற்கு? காரணம் ஏதும் புலப்படாமலே திரவம் தேங்கும் நோயும் ஒன்று உண்டு. ஓரிரு முறை இறக்கியதுமே அதிலிருந்து பிழைத்தெழும் நாய்கள் பல. புல்டாக், பாக்ஸர் முதலிய சப்பை மூக்கு நாய்களுக்கு, பெருநாளங்கள் கிளம்பும் இடத்தில் மெள்ள வளரும் வேறொரு கட்டி வருவதுண்டு. அதனுடன் நெடுநாள் வாழ்ந்தவையும் உண்டு. முன் சொன்ன புற்றானால், அறுத்தாலும் மருந்திட்டாலும் பெரும்பாலும் சில மாதங்களே. வாசலில் விழுந்து கிடக்கையில் மூன்றும் ஒன்று போலவே தோன்றும். எது என்று தெரியுமுன்பே, "இனி அதை வருத்த வேண்டாம்" என்று கண்ணீருடன் சம்மதித்துவிடும் எஜமானர்களும் இருக்கிறார்கள்.

சிறு கட்டி முதற் படத்தில் மறைந்துகொள்ளும். 'கட்டி தெரியவில்லை' என்றால் 'கட்டி இல்லை' என்று பொருளன்று. சில வாரம் கழித்து மறுபடியும் படம் பார்க்க வேண்டும்.