ஆற்காட்டு நவாபின் உருவப்படங்களும் பிரதிகளும்

கருநாடக நவாபு என்றும் ஆற்காட்டு நவாபு என்றும் அழைக்கப்பட்ட முகமது அலி கான் வாலாஜா (ஆட்சி: 1749–1795) ஐரோப்பிய ஓவியர்களைக் கொண்டு தம்மை எண்ணெய் வண்ணத்தில் தீட்டச் செய்து, அப்படங்களைப் பரிசாக அனுப்பிய தென்னிந்திய ஆட்சியாளர் ஆவார். அவர் தம்மைத் தீட்டச் செய்தார் என்பதைவிட, அந்தப் படங்கள் எங்கே போயின என்பதே அவருடைய அரசியலை நன்கு காட்டுகிறது. ஐரோப்பிய அரசவைகளின் ஒரு வழக்கத்தை அவர் சென்னையிலிருந்து கையாண்டார். அந்த வழக்கம் உச்சத்தை எட்டியது பிரான்சில்.

பிரெஞ்சு அரசவையின் வழக்கம்

1701-இல் இயாசிந்த் ரிகோ பதினான்காம் லூயி மன்னரைப் பெரிய அளவில் தீட்டினார். ஸ்பெயினின் அரியணை ஏறியிருந்த பேரன் ஐந்தாம் பிலிப்புக்கு அனுப்புவதற்காகவே அப்படம் தொடங்கப்பட்டது. முடிந்த படத்தைப் பார்த்த மன்னர் அதைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, ஒரு பிரதி தீட்டச் சொன்னார். மூலம் இன்று பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது; பிரதி வெர்சாய் அரண்மனையில் உள்ளது.

இத்தகைய படங்களை ஓவியர் ஒருவரே முழுதாகத் தீட்டுவதில்லை. ரிகோவின் பட்டறையில் முகம் பெரும்பாலும் ஆசிரியருடைய வேலை. ஆடை, சரிகை, திரைச்சீலை, பின்னணி ஆகியவற்றை அவற்றில் தேர்ந்த உதவியாளர்கள் தீட்டினர். யார் எந்த வேலை செய்தார், என்ன கூலி பெற்றார் என்பதைப் பட்டறைக் கணக்கேடு பதிவு செய்துள்ளது. திருப்பூரில் ஒப்புதல் பெற்ற சாம்பிளை முன்னால் வைத்துக்கொண்டு, ஒருவர் வெட்ட, ஒருவர் கை தைக்க, ஒருவர் காலர் வைக்க, ஒரே மாதிரியான பனியன்கள் வெளிவருவதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாக இராது. வேறுபாடு ஒன்று உண்டு: ஓவியத்தில் சாம்பிள் என்பது மன்னரின் முகம்.

பிரதி என்பதால் மதிப்புக் குறைவு என்று அக்காலத்தவர் கருதவில்லை. தூதரகத்திலோ ஆளுநர் மாளிகையிலோ மாட்டப்பட்ட படம், அங்கே வர இயலாத மன்னருக்குப் பதிலாக நின்றது. இங்கிலாந்தும் இதையே செய்தது. மூன்றாம் ஜார்ஜ் முடிசூடிய பின் ஆலன் ராம்சே தீட்டிய மன்னர், அரசி படங்களுக்கு அவருடைய பட்டறையிலிருந்து ஏறத்தாழ 150 இணைப் பிரதிகள் வெளிவந்தன. ஒரே முகங்களை ஆண்டுக்கணக்கில் தீட்டிய உதவியாளர்களின் சலிப்பை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

நவாபின் நிலை

முகமது அலியின் பதவி தொடக்கத்திலிருந்தே போட்டிக்கு உள்ளானது. சந்தா சாகிபைப் பிரெஞ்சுக்காரர் ஆதரித்தனர், இவரை ஆங்கிலேயர் ஆதரித்தனர். 1752-இல் சந்தா சாகிபு கொல்லப்பட்டார். 1763-ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கை முகமது அலியைக் கருநாடகத்தின் உரிமையுள்ள நவாபு என்று ஏற்றது. ஐரோப்பிய மன்னர்களின் சார்பில் கையெழுத்தான ஆவணத்தில் தம் பெயர் இருப்பதை அவர் பெரிதாகக் கருதினார். தாம் இங்கிலாந்து மன்னருக்கு நட்பு அரசர், ஒரு வணிகக் கம்பெனியின் சார்பாளர் அல்லர் என்பது அவர் நிலைப்பாடு. லண்டனில் தமக்கென முகவர்களை வைத்தார். 1770-இல் மன்னரின் பிரதிநிதியாகச் சர் ஜான் லிண்ட்சே சென்னைக்கு வந்தபோது கம்பெனி அதிகாரிகள் எரிச்சலடைந்ததில் வியப்பில்லை.

படங்கள் தீட்டப்பட்டதும் இதே ஆண்டுகளில்தான். 1769-இல் சென்னைக்கு வந்த டில்லி கெட்டில் நவாபையும் அவருடைய மகன்களையும் தீட்டினார். அடுத்து 1774-இல் வந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜார்ஜ் வில்லிசன், 1780 வரை இங்கிருந்து நவாபையும் குடும்பத்தாரையும் பலமுறை தீட்டி, நல்ல வசதியோடு ஊர் திரும்பினார். ராம்சேயினுடையதைப் போன்ற பெரிய பட்டறை சென்னையில் இல்லை. ஒரே ஓவியர் ஒரே முகத்தைத் திரும்பத் திரும்பத் தீட்டுவதே இங்கு நடந்தது. படங்கள் சேப்பாக்கம் அரண்மனையோடு நின்றுவிடாமல் இங்கிலாந்துக்கும் கப்பலேறின.

படத்தில் நவாபு முழு உருவமாக நிற்கிறார். நிற்கும் முறை ஐரோப்பிய மன்னர்களுடையது. உடுத்தியிருப்பதோ வெண்ணிற மஸ்லின் ஜாமா, முத்து மாலைகள், வாள். ரிகோவின் லூயி கனத்த ஆடையிலும் வெண்ணிற மென்மயிர்த் தோலிலும் புதைந்திருக்கிறார். இங்கே உடல் தெரியும் அளவு மெல்லிய பருத்தித் துணியே அரச அடையாளம். மென்துணியின் மடிப்பை எண்ணெய் வண்ணத்தில் காட்டுவது எளிதல்ல. இந்த ஓவியங்களில் முகத்துக்கு அடுத்தபடியாகக் கவனிக்க வேண்டியது அந்தத் துணியைத்தான்.

கடன்

படம் காட்டிய அரசரும் கணக்கேடு காட்டிய அரசரும் ஒருவரல்லர். போர்ச் செலவுக்காகக் கம்பெனிக்குப் பட்ட கடனோடு, கம்பெனி ஊழியர்களிடம் தனிப்பட்ட முறையில் வாங்கிய கடனும் நவாபை அழுத்தியது. பால் பென்பீல்டு முதலியோர் அதில் பெரும் செல்வம் சேர்த்தனர். வட்டிக்கு ஈடாக வரி வசூல் உரிமை கைமாறியபோது சுமை இறுதியில் உழவர் மேல் விழுந்தது. இதற்கிடையில் 1777-இல் நவாபு அரசி சார்லட்டுக்கு வைரங்களை அனுப்பினார்; அவை பின்னர் ஆற்காட்டு வைரங்கள் எனப் பெயர் பெற்றன. 1781-இல் கருநாடகத்தின் வருவாய் கம்பெனியின் பொறுப்புக்குச் சென்றது. 1785 பிப்ரவரி 28 அன்று எட்மண்ட் பர்க் இக்கடன்களைப் பற்றி இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் நீண்ட உரையாற்றினார். லண்டனில் பலர் நவாபை அறிந்தது ஓவியத்தால் அல்ல, இந்தக் கடன் விவகாரத்தால்தான்.

வடக்கே ஒரு பிரதி

சென்னையிலிருந்து கெட்டில் அவதுக்குச் சென்று, பைசாபாத்தில் நவாபு ஷுஜா உத் தௌலாவைத் தீட்டினார். அங்கே இருந்த பிரெஞ்சுப் படை அதிகாரி ழான்-பத்தீஸ்த் ழாந்தி இந்திய ஓவியர்களை வேலைக்கு வைத்திருந்தார். கெட்டிலின் எண்ணெய் ஓவியத்தை நெவாசி லால் போன்றவர்கள் நுண்ணோவியமாகப் பிரதி செய்தனர். ஐரோப்பியர் வரைந்த இந்திய அரசரை இந்தியர் தம் முறையில் மீண்டும் வரைந்தனர். ழாந்தி நாடு திரும்பியபோது கொண்டுசென்ற கெட்டிலின் ஓவியம் ஒன்று பிரெஞ்சு மன்னரிடம் சேர்ந்தது. அது இன்றும் வெர்சாயில் உள்ளது.

முகமது அலி 1795-இல் காலமானார். 1801-இல் கருநாடகத்தின் ஆட்சி முழுமையாகக் கம்பெனியிடம் சென்றது. 1855-இல் நவாபு பட்டமும் ஒழிக்கப்பட்டு, சேப்பாக்கம் அரண்மனை அரசின் உடைமையானது. நவாபுகளின் உருவப்படங்களைச் சென்னை புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் காணலாம்.