தெரிந்த சொல், தெரியாத பொருள்

மஞ்சக்குப்பத்தில் ஒரு காய்கறிக் கடையில் அண்மையில் சிறு வாக்குவாதம். பணவீக்கம் குறைந்துவிட்டதாக நாளிதழில் வந்திருக்கிறதே, நீங்கள் மட்டும் ஏன் விலையை ஏற்றுகிறீர்கள் என்று கேட்டார் ஓர் அம்மையார். கடைக்காரருக்குக் கோபம். பொருளியல் கற்பித்தே ஓய்வுபெற்ற நான் குறுக்கிட்டிருக்கலாம். ஆனால், இருவர் மீதும் தவறில்லை.

சென்ற ஆண்டு 100 ரூபாய்க்கு விற்ற பொருள் இவ்வாண்டு 105 ரூபாயானால் பணவீக்கம் 5 சதவீதம். அடுத்த ஆண்டு அது 109 ரூபாய் 20 காசானால் 4 சதவீதம். குறைந்தது விலையன்று, விலை ஏறும் வேகம். 2016-இல் வகுக்கப்பட்ட ரிசர்வ் வங்கியின் இலக்கே 4 சதவீதம்தான். அதாவது, விலை ஏறவே கூடாது என்பது இலக்கன்று. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் ஏமாற்றப்பட்டவர்களைப்போல் பார்ப்பார்கள்.

ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்கும் சொல்லைக் குழூஉக்குறி என்கிறது நன்னூல். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு. அப்படிப்பட்ட சொல் விளங்காவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்வோம். ‘குறைந்தது’, ‘கடந்தது’ போன்ற அன்றாடச் சொற்களே குழூஉக்குறியாகும்போதுதான் இடர். புரிந்துவிட்டதாக நினைப்பதால் கேட்கவே தோன்றுவதில்லை.

கடலூர்க்காரர்களுக்கு இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 2011 டிசம்பர் 30 காலை, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பகுதியின் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. பேச்சு வழக்கில் ‘கடந்தது’ என்றால் போய்விட்டது, தீர்ந்தது. வானிலையாளர் சொல்வதோ, புயலின் மையம் கடலிலிருந்து நிலத்துக்குள் நுழைந்தது என்பதை. மையம் நேர்மேலே வரும் ஊரில் காற்று சட்டென அடங்கும், மழையும் ஓயும். செய்தியும் ‘கடந்தது’ என்கிறது, தெருவும் அமைதியாக இருக்கிறது. கூரையைப் பார்க்கவும் மாட்டை அவிழ்க்கவும் வெளியே வரத்தானே தோன்றும்? சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று மீண்டும் சீறும். முன்பு பாதி சாய்ந்து நின்ற மரங்கள் அப்போது விழும்.

பேரிடர் மேலாண்மை அறிவுரைகளில் இந்த எச்சரிக்கை உண்டு. ஆனால், மக்கள் முதலில் படிப்பதும் பிறருக்குச் சொல்வதும் தலைப்பைத்தான். ‘புயலின் மையம் கரைக்குள் நுழைந்தது, காற்று மறுபடியும் வரும், வெளியே வராதீர்’ என்று அச்சிட, இப்போதுள்ளதைவிட ஒரு வரி கூடுதலாகத் தேவைப்படும். அவ்வளவுதான்.