'பார்க்' ஸ்டேஷன் இருக்கிறது, பார்க் எங்கே?

சென்னை சென்ட்ரலுக்கு எதிரே சாலையைத் தாண்டினால் ஒரு சிறிய ரெயில் நிலையம். அதன் பெயர் 'பார்க்'. கொஞ்சம் தள்ளிப் பறக்கும் ரெயிலுக்கு ஒரு நிலையம். அதன் பெயர் 'பார்க் டவுன்'. தபால் முகவரியிலும் இந்த வட்டாரத்துக்கு 'பார்க் டவுன்' என்றுதான் பெயர்.

ஆனால் இறங்கி நின்று நாலு பக்கமும் பார்த்தால், பார்க்கைக் காணோம்! பஸ்கள், ஆட்டோக்கள், பெட்டி தூக்கிய பிரயாணிகள், பெரிய பெரிய கட்டடங்கள். இவைதான் கண்ணில் படும்.

பெயர் பொய் சொல்லவில்லை. இங்கே ஒரு பூங்கா இருந்தது. சாதாரணப் பூங்கா அல்ல. 116 ஏக்கர் பரப்பு! உள்ளே 11 குளங்கள். ஐந்தரை மைல் நீளத்துக்குப் பாதைகள். பாண்டு வாத்தியம் வாசிக்க ஒரு மேடை. மிருகங்களுக்குக் கூண்டுகள். அதன் பெயர் 'பீப்பிள்ஸ் பார்க்', அதாவது மக்கள் பூங்கா.

15 மாதக் கவர்னர்

இந்தப் பூங்காவுக்கு வித்திட்டவர் சர் சார்லஸ் டிரெவெலியன். 1859-ம் ஆண்டு சென்னை மாகாணத்தின் கவர்னராக வந்தார். அப்போது ஜனங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம் கறுப்பர் பட்டணம். இன்றைய ஜார்ஜ் டவுன். காற்று வாங்க ஓர் இடம் வேண்டாமா? அந்தப் பட்டணத்தின் ஓரத்திலேயே, எல்லா ஜனங்களுக்கும் பொதுவாக ஒரு பூங்கா அமைக்க வேண்டும் என்று திட்டமிட்டார்.

இதே டிரெவெலியனுக்கு அயர்லாந்தில் வேறு பெயர். 1840-களில் அங்கே உருளைக்கிழங்குப் பயிர் அழுகிக் கொடிய பஞ்சம் வந்தது. லண்டனில் நிவாரணப் பணத்தைக் கையில் வைத்திருந்த அதிகாரி இவர்தான். கை இறுக்கிக் கொடுத்தார் என்று ஐரிஷ் மக்கள் இன்றும் இவரை வெறுப்போடு நினைக்கிறார்கள். அங்கே கல்நெஞ்சர், இங்கே ஜனங்களின் நண்பர். மனிதர்கள் விசித்திரமானவர்கள்தான்!

சென்னையில் அவர் இருந்தது ஏறக்குறைய 15 மாதங்களே. வருமான வரி முதலிய புதிய வரிகளை விதிக்கக் கல்கத்தாவில் இருந்த மேல் சர்க்கார் முடிவு செய்தது. டிரெவெலியன் எதிர்த்தார். சும்மா எதிர்க்கவில்லை. தம் எதிர்ப்பைப் பத்திரிகைகளிலும் வெளியிட்டுவிட்டார்! விடுவார்களா? 1860-ம் ஆண்டு அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். கவர்னர் போனார்; பூங்கா வளர்ந்தது.

உயிர் காலேஜ்

பூங்காவுக்குப் பெருமை தேடித் தந்தது மிருகக்காட்சிசாலை. அதன் கதை எழும்பூரில் தொடங்குகிறது. எழும்பூர் மியூசியத்தின் தலைவராக இருந்தவர் டாக்டர் எட்வர்டு பால்பர். ஆர்க்காட்டு நவாபிடம் பேசி, அவர் வளர்த்த மிருகங்களைக் கேட்டு வாங்கினார். 1855-ம் ஆண்டு மியூசியத்திலேயே மிருகக்காட்சிசாலை உண்டாயிற்று. 1863-ம் ஆண்டு அது மக்கள் பூங்காவுக்கு இடம் மாறியது.

ஜனங்கள் இரண்டுக்கும் வேடிக்கையாகப் பெயர் வைத்தார்கள். பாடம் செய்த மிருகங்கள் இருந்த மியூசியம் 'செத்த காலேஜ்'. உயிருள்ள மிருகங்கள் இருந்த இடம் 'உயிர் காலேஜ்'. இதைவிடச் சுருக்கமாக யாரால் விளக்க முடியும்?

பெரம்பூர்க்காரர்களுக்கு உயிர் காலேஜ் கூப்பிடு தூரம். 1856-ம் ஆண்டு தோன்றிய ரெயில்வே பட்டறை, பின்னி மில், 1955-ம் ஆண்டு நேரு திறந்து வைத்த ரெயில் பெட்டித் தொழிற்சாலை என்று உழைப்பாளிகள் நிறைந்த ஊர் அது. ஆறு நாள் இயந்திரத்தோடு மல்லுக்கட்டும் மனிதனுக்கு ஒரு நாள்தான் ஓய்வு. "நைனா, உயிர் காலேஜுக்கு இட்டுனு போ" என்று பிள்ளைகள் நச்சரிக்கும். புளிச்சோறு ஒரு பாத்திரம், தயிர்ச்சோறு ஒரு பாத்திரம் என்று கட்டிக்கொண்டு புறப்படுவார்கள். பெரிய செலவு கிடையாது. புலியைப் பார்த்துப் பயந்து, குரங்கைப் பார்த்துச் சிரித்து, மர நிழலில் சாப்பிட்டுவிட்டு, பொழுது சாய வீடு திரும்பலாம்.

நகரம் வளர வளர, கூண்டுகளுக்கு இடம் போதவில்லை. மிருகக்காட்சிசாலை வண்டலூர்க் காட்டுக்குக் கொண்டு போகப்பட்டது. 1985-ம் ஆண்டு ஜூலை 24-ந் தேதி முதல்-அமைச்சர் எம்.ஜி.ஆர். அதைத் திறந்து வைத்தார். மிருகங்களுக்கு அது விடுதலைதான். பெரம்பூர்ப் பிள்ளைகளுக்கோ புலி தூரமாகிவிட்டது. இப்போது சென்ட்ரலில் இறங்கி, பார்க் ஸ்டேஷனுக்கு நடந்து, வேறு ரெயில் பிடித்துத் தாம்பரம் தாண்டிப் போக வேண்டும்.

தீயில் கருகிய திருவிழா

மக்கள் பூங்காவின் கதையில் ஒரு துயர நாளும் உண்டு.

வருடக் கடைசியில் இங்கே பெரிய பொருட்காட்சி நடக்கும். 'பார்க் பேர்' என்பார்கள். கடைகள், வேடிக்கைகள், கூட்டமோ கூட்டம். 1886-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி. புத்தாண்டு பிறக்கச் சில மணி நேரமே இருந்தது. பந்தலில் தீப்பிடித்துக்கொண்டது. ஓட வழியின்றி நூற்றுக்கணக்கான பேர் மாண்டுபோனார்கள். பொழுதுபோக்க வந்த குடும்பங்கள் அவை. அந்தப் பயங்கரத்தை ஜனங்கள் சிந்துப் பாட்டாகக் கட்டிப் பாடினார்கள்.

துண்டு துண்டாக...

சரி, 116 ஏக்கரும் எங்கே போயிற்று? யாராவது அபகரித்துக்கொண்டார்களா? இல்லை. அதுதான் இந்தக் கதையில் வேடிக்கை.

ஊருக்கு ஒரு பொது மண்டபம் வேண்டும் என்றார்கள். பூங்காவில் ஒரு பகுதியை நீண்ட காலக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். விஜயநகரம் மகாராஜா 1883-ம் ஆண்டு அடிக்கல் நாட்டினார். விக்டோரியா மண்டபம் எழுந்தது. 1897-ம் ஆண்டு சுவாமி விவேகானந்தர் பேசியது அங்கேதான். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகங்கள் நடந்ததும் அங்கேதான்.

கடைகளை ஓரிடத்தில் வைக்க வேண்டும் என்றார்கள். 1898-ம் ஆண்டு அடிக்கல் நாட்டி, 1900-ம் ஆண்டு திறந்தார்கள். அதுதான் மூர் மார்க்கெட். பழைய புத்தகத்திலிருந்து புறாக்குஞ்சு வரை அங்கே கிடைக்கும். பேரம் பேசத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்!

கார்ப்பரேஷனுக்கு ஆபீஸ் வேண்டும் என்றார்கள். 1913-ம் ஆண்டு வெள்ளைவெளேரென்று ரிப்பன் மாளிகை நின்றது.

விளையாட்டு மைதானம் வேண்டும் என்றார்கள். கார்ப்பரேஷன் ஸ்டேடியம் வந்தது. 1956-ம் ஆண்டு ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிரான டெஸ்டில், வினு மன்காடும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டம் குவித்த மைதானம் இது. 52 ஆண்டுகள் உலகத்தில் யாராலும் அதை முறியடிக்க முடியவில்லை! 1993-ம் ஆண்டு அதே இடத்தில் இன்றைய நேரு ஸ்டேடியம் கட்டப்பட்டது.

எது தவறு என்று சொல்வது? மண்டபமும் வேண்டும், மார்க்கெட்டும் வேண்டும், மைதானமும் வேண்டும். ஒவ்வொன்றும் நல்ல காரியம். ஒவ்வொரு நல்ல காரியத்துக்கும் பூங்காவில் ஒரு துண்டு. காலியாகக் கிடக்கும் நிலம் என்றே எல்லாரும் நினைத்தார்கள். புல்லும் மரமும் நிழலும் ஏழைக் குடும்பத்துக்கு ஒரு நாள் சந்தோஷம் தருகின்றன என்ற கணக்கு எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.

மூர் மார்க்கெட்டும் நிலைக்கவில்லை. 1985-ம் ஆண்டு மே 30-ந் தேதி எரிந்து போயிற்று. அந்த இடத்தில் ரெயில்வேயின் பல மாடிக் கட்டடம் எழுந்தது. பெரம்பூர், வியாசர்பாடி ஜீவா, பேசின் பிரிட்ஜ் வழியாக வரும் மின்சார ரெயில்கள் அங்கேதான் வந்து நிற்கின்றன. அந்த நிலையத்துக்குப் பெயர் இன்றும் 'மூர் மார்க்கெட் வளாகம்'. கடை இழந்த வியாபாரிகளுக்குப் பக்கத்திலேயே ஒரு கட்டடத்தில் இடம் கொடுத்தார்கள். அதன் பெயர் 'அல்லிக்குளம் வளாகம்'. 11 குளங்கள் இருந்த இடத்தில் குளத்தின் பெயர் கடைக் கட்டடத்துக்கு!

மிஞ்சிய பச்சை

பெரம்பூரிலிருந்து வருகிறவர்கள் ரெயிலை விட்டு இறங்கி மேற்கே நடந்தால், முதலில் வருவது விக்டோரியா மண்டபம். அதன் வளாகத்தில் ஒரு பழைய நீரூற்று உண்டு. பூங்கா கண்ட டிரெவெலியன் பெயரால் அமைந்தது. பொருட்காட்சியில் தீப்பிடித்த அதே 1886-ம் ஆண்டில்தான், சில மாதங்களுக்கு முன்பு, லண்டனில் அவர் காலமானார்.

அடுத்து ரிப்பன் மாளிகை. அதைத் தாண்டி வலப்பக்கம் திரும்பினால் ராஜா முத்தையா சாலை. சாலையை ஒட்டி நேரு ஸ்டேடியம். இன்னும் கொஞ்சம் போனால் பெரியமேட்டில் ஒரு பூங்கா வரும். ஆங்கிலப் பெயர் 'மை லேடீஸ் கார்டன்'. ஜனங்கள் வாயில் 'மைலேடி பூங்கா'. முன்பு ஆண்டுதோறும் மலர்க் காட்சி நடந்த இடம்.

116 ஏக்கரில் பூங்கா என்று சொல்லும்படி மிஞ்சியிருப்பது இதுதான். கட்டடக் காட்டுக்கு நடுவே கொஞ்சம் மரம், கொஞ்சம் நிழல். சென்ட்ரலிலிருந்து நடக்கிற தூரம்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போகிறவர்கள் வெயில் தாழ்ந்த பிறகு போவது நல்லது.