வரைகலை அட்டைகளும் வீட்டுச் சுரங்கமும்

கிரிப்டோ நாணயச் 'சுரங்கம்' என்னும் சொல் நம்மைத் திசைதிருப்பவல்லது. அங்கே நிகழ்வதெல்லாம் ஊகமே. வலையமைப்பு விதிக்கும் இலக்கிற்குள் அடங்கும் விடை கிட்டும்வரை கணினி எண்களை மாற்றி மாற்றிச் சோதிக்கிறது, முந்தியவருக்கே நாணயம்.

விளையாட்டுக் காட்சிகளுக்கென உருவான வரைகலை அட்டை, எனப்படும் கிராபிக்ஸ் கார்டு, ஆயிரக்கணக்கான எளிய கணக்குகளை ஒருங்கே செய்யும். ஆதலால் 2010-இல் பிட்காயின் ஆர்வலர்கள் அதனை நாடினர். 2013-இல் தனிச் சில்லுகள் வந்து அவ்வழியை அடைத்தன. மிகுந்த நினைவகத்தை வேண்டும் கணக்குமுறையோடு 2015-இல் தோன்றிய எத்தீரியம் அட்டைகளுக்கு மறுவாழ்வளித்தது.

அலுமினியச் சட்டத்தில் ஆறு அட்டைகளை இடைவெளிவிட்டு நிறுத்தி, 'ரைசர்' என்னும் நீட்டிப்பு வடங்களால் ஒரே தாய்ப்பலகையோடு இணைப்பர். ஆபத்து பெரும்பாலும் இங்கேதான். அட்டை தன் செருகுவாய் வழியே 75 வாட் வரை இழுக்கலாம். வன்தட்டுக்குரிய சாட்டா மின்முனை தாங்குவதோ 54 வாட். அதனை ரைசரில் செருகியோர் பலர் உருகிய முனைகளையே கண்டனர்.

அட்டைக்கு 130 வாட் எனக் கொண்டால், ஏனைய உறுப்புகளோடு 850 வாட். நாளொன்றுக்கு 20 யூனிட் மின்சாரம். அறையைக் குளிர்விக்கும் செலவு தனி (கணக்கெழுதுவோர் இதனை மறப்பது வழக்கம்). பங்கேற்போர் பெருகினும் வெளியிடப்படும் நாணயம் பெருகுவதில்லை. எனவே ஒவ்வொருவர் பங்கும் சுருங்கும்.

2021-இல் இருமடங்கு விலைக்கு அட்டை வாங்கியோர் பலர் முதலை மீட்குமுன், 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் இம்முறையையே கைவிட்டது. இத்திட்டம் தொடக்க ஆண்டுகளிலேயே அறிவிக்கப்பட்டிருந்தது என்பதை அவர்களுள் எத்தனை பேர் படித்திருப்பர்? அட்டைகளெல்லாம் சிறு நாணயங்களை நோக்கித் திரும்ப, வருவாய் பல இடங்களில் மின்கட்டணத்திற்கே போதவில்லை. பழைய அட்டைகள் விற்பனைக்குக் குவிந்தன.