355 கிலோமீட்டரும் ஒன்றேகால் மணி நேரமும்

மரக்காணம் உப்பளங்களுக்குக் கிழக்கே கடல். கரையிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தள்ளி, அந்தக் கடலுக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு தெற்கே போகிறது. சென்னை விமான நிலையத்தையும் யாழ்ப்பாணத்துப் பலாலியையும் இணைக்கும் மிகக் குறுகிய வழி அது.

உருண்டைப் பூமியில் இத்தகைய வழிக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். பூமியைச் சரிபாதியாக வெட்டும் வட்டத்தின் ஒரு துண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இதன் நீளத்தைக் கணக்கிட வழக்கமாக முக்கோணவியல் தேவை. இங்கே வெறும் கழித்தல் போதும்! இரண்டு ஊர்களும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், 80 பாகையை ஒட்டி இருக்கின்றன. சென்னை விமான நிலையம் வட அட்சம் 12.99 பாகை, பலாலி 9.79. வித்தியாசம் 3.2 பாகை. அட்சத்தில் ஒரு பாகை சுமார் 111 கிலோமீட்டர் என்பதால், தூரம் 355 கிலோமீட்டர். விமானிகள் இதையே 192 கடல் மைல் என்பார்கள். 3.2-ஐ 60-ஆல் பெருக்கிப் பாருங்கள், அதே 192 வரும். பாகையின் அறுபதில் ஒரு பங்கையே கடல் மைலாக வைத்தார்கள் மாலுமிகள். பூமியின் உடம்பிலேயே அளவுகோலைப் பொறித்த அந்த யோசனைக்கு ஈடில்லை.

2019 நவம்பர் 11 அன்று அலையன்ஸ் ஏர் இந்த வழியில் சேவையைத் தொடங்கியது. ஓட்டியது ஏடிஆர் 72, இறக்கைகளில் உந்துவிசிறி சுழலும் சிறு விமானம். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகம் என்றால் 355 கிலோமீட்டருக்கு 43 நிமிடம் போதும். பயணச்சீட்டிலோ ஒன்றேகால் மணி நேர அளவில் போட்டிருக்கும். மீதி அரை மணி எங்கே போகிறது?

நிற்கும் விமானம் நகராதபடி சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைப்பார்கள். புறப்படும் ஊரில் அதை எடுத்ததிலிருந்து, சேரும் ஊரில் மறுபடி வைக்கும்வரை ஓடும் நேரம்தான் சீட்டில் இருப்பது. பிளாக் டைம் என்பார்கள். ஓடுபாதை வரை ஊர்வது, முன்னால் நிற்கும் விமானங்களுக்காகக் காத்திருப்பது, வேகம் குறைவான ஏற்றம், இறக்கம் எல்லாம் அதில் அடக்கம். இன்னொன்றும் உண்டு. விமானம் எதிர்காற்றை நோக்கித்தான் எழும்ப விரும்பும். சென்னையின் பிரதான ஓடுபாதை ஏறத்தாழ கிழக்கு மேற்காக இருக்கிறது. தெற்கே போக வேண்டிய விமானம் முதலில் கிழக்கே அல்லது மேற்கே ஓடி எழும்பி, பிறகுதான் திரும்புகிறது.

மேலே ஏறியபின் ஒரு வியப்பு. மரக்காணம் கடற்கரையில் நிற்பவருக்குத் தொடுவானம் நாலரை கிலோமீட்டரில் முடிந்துவிடும். 5 கிலோமீட்டர் உயரத்தில் அது 250 கிலோமீட்டருக்கு விரிகிறது. பாதி வழியில் சென்னை, யாழ்ப்பாணம் இரண்டின் கரையும் தொடுவானத்துக்குள் வந்துவிடுகின்றன. பார்வையை மறைப்பது பூமியின் வளைவல்ல, மூட்டமும் மேகமும்தான்.

கடைசியாகக் காற்று. போகும்போது 50 கிலோமீட்டர் வேக எதிர்காற்று, திரும்பும்போது அதுவே பின்காற்று என்று வைப்போம். இழந்ததும் பெற்றதும் சரியாகிவிடும் என்றே தோன்றும். ஆகாது. போக 47.3 நிமிடம், வர 38.7, மொத்தம் 86. காற்றே இல்லாவிட்டால் 85.2. எதிர்காற்றில் விமானம் அதிக நேரம் இருக்கிறது, பின்காற்றின் உதவி சீக்கிரம் முடிந்துவிடுகிறது. ஒரே சீராக அடிக்கும் காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும், போய்வரும் பயணத்தின் மொத்த நேரத்தைக் கூட்டத்தான் செய்யும்.